கிராமர் சரி, ஆனால் படித்தால் இடிக்கிறது: சின்ன இங்கிலீஷ் கதைக்குப் பழுது பார்க்கும் முறை

தருமபுரி நாலு ரோடு பக்கம் ஒரு மாடி அறையில் மாலை நேரத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். மீதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகளும், நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களும். எல்லோரையும் தங்களுக்கு நடந்த ஒரு விஷயத்தை நூற்றைம்பது வார்த்தைக்குள் எழுதிவரச் சொல்வேன். திருத்திக் கொடுத்ததும் வரும் முதல் கேள்வி இதுதான்: “கிராமர் சரியாத்தானே சார் இருக்குது, அப்புறம் ஏன் கோடு போட்டீங்க?”

நியாயமான கேள்வி. இந்தக் கோடுகளில் பெரும்பாலானவை இலக்கணப் பிழைக்காகப் போட்டவை அல்ல. வாக்கியத்துக்கு அடியில் தமிழ் ஓடிக்கொண்டிருக்கும், மேலே இங்கிலீஷ் வார்த்தைகளை அடுக்கியிருப்பார்கள். தமிழில் அந்த வாக்கியம் அழகாகவே இருந்திருக்கும், அதனால்தான் எழுதியவருக்குக் குறை தெரிவதில்லை. ஆகவே எங்கே இடிக்கிறது என்று பார்த்து, அதற்குக் காரணமான தமிழ் வழக்கம் எது என்று பிடித்து, அந்த இடத்தை மட்டும் மாற்றினால் போதும்.

பாலக்கோட்டுப் பையன் ஒருவன் எழுதிவந்ததை அப்படியே தருகிறேன். கீழே வரும் உதாரணங்களில் பாதி இதிலிருந்து எடுத்தவை.

‘லாஸ்ட் மன்த் ஐ ஹேட் கான் டு ஓசூர். நைட் இலெவன் ஓ க்ளாக் ஐ மிஸ்டு தி லாஸ்ட் பஸ். ஐ வாஸ் வெரி ஸேட். ரெயின் ஆல்ஸோ கேம். தென் ஒன் ஸ்மால் எலிஃபன்ட் கேம். தி டிரைவர் ஆஸ்க்டு மீ வேர் ஆர் யூ கோயிங். ஐ டோல்ட் பாலக்கோடு. ஹி டோல்ட் கெட் இன். எம்ப்டி டொமேட்டோ பாக்ஸஸ் வேர் தேர், ஐ சாட் ஆன் தட் ஒன்லி. ஸ்லோலி ஸ்லோலி வீ ரீச்டு. ஐ கேன் நெவர் ஃபர்கெட் திஸ் டே இன் மை லைஃப்.’

கதை நல்ல கதை. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அறிகுறி: எந்த வினையைத் தொட்டாலும் ‘ஹேட்’ ஒட்டிக்கொள்கிறது

‘லாஸ்ட் மன்த் ஐ ஹேட் கான் டு ஓசூர்.’ இது எங்கிருந்து வருகிறது? “போன மாசம் ஓசூர் போயிருந்தேன்” என்பதிலிருந்து. நாம் கதையை ஆரம்பிப்பதே அப்படித்தான். “போயிருந்தேன்” என்றதும், இனி ஏதோ சொல்லப் போகிறான் என்று கேட்பவர் காதைத் தீட்டிக்கொள்வார். அந்த ‘இரு’ கதைக்குத் திண்ணை போட்டுக் கொடுக்கிறது.

இங்கிலீஷ் ‘ஹேட்’ அந்த வேலையைச் செய்வதில்லை. கடந்த காலத்தில் ஏற்கெனவே ஒரு புள்ளி இருக்க வேண்டும், அதற்கும் முன்னால் நடந்ததைச் சொல்லத்தான் அது வரும். புள்ளியே வைக்காமல் முதல் வாக்கியத்திலேயே ‘ஹேட் கான்’ என்று எழுதினால், எதற்கு முன்னால் என்று படிப்பவர் தேடுவார்.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. ‘ஹேட்’ வரும் இடத்தில் “அதற்குள்ளே” அல்லது “அதற்கு முன்பே” என்று தமிழில் நுழைத்துப் பாருங்கள். “அதற்கு முன்பே ஓசூர் போனேன்” என்றால், எதற்கு முன்பே? பதில் இல்லை. அப்படியானால் வெறும் ‘வென்ட்’ போதும். “நான் ஸ்டாண்டுக்குப் போவதற்குள் பஸ் போய்விட்டது” என்பதில் ‘அதற்குள்’ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அங்கேதான் ‘ஹேட்’ தேவை: ‘வென் ஐ காட் டு தி ஸ்டாண்ட், தி லாஸ்ட் பஸ் ஹேட் லெஃப்ட்.’ வேடிக்கை என்னவென்றால், தேவையில்லாத இடத்தில் ‘ஹேட்’ போட்ட பையன், அது தேவைப்படும் இந்த வாக்கியத்தை எழுதவே இல்லை.

இதன் தம்பி ஒன்று உண்டு: ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே.’ நேற்று, போன வாரம், 2019-ல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ வரக் கூடாது, ‘ஸா’ என்று மட்டும் எழுத வேண்டும்.

அறிகுறி: வாக்கியங்கள் துண்டு துண்டாக நிற்கின்றன, அல்லது எல்லாமே ‘அண்ட் தென், அண்ட் தென்’ என்று ஓடுகின்றன

இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம். மருந்தும் ஒன்றுதான், ஆனால் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

தமிழில் நமக்கு வினையெச்சம் என்று ஒரு வரம் இருக்கிறது. “ராயக்கோட்டையில் இறங்கி, டீ குடித்து, முகம் கழுவி, மறுபடி ஏறினேன்.” நான்கு வேலைகளுக்கு முற்றுவினை ஒன்றே ஒன்று, ‘ஏறினேன்’. மற்றதெல்லாம் அதன் தோளில் சாய்ந்து போகும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளில் சிலருக்கு வீட்டில் தெலுங்கு, சிலருக்குக் கன்னடம். அந்த மொழிகளிலும் இதே ஏற்பாடுதான், அதனால் அவர்கள் தடுக்கி விழுவதும் இதே இடத்தில்தான்.

இங்கிலீஷில் இதற்கு நேர் ஈடு கிடையாது. பிள்ளைகள் ‘இங்’ போட்டுச் சமாளிக்கப் பார்ப்பார்கள்: ‘கெட்டிங் டவுன், ஐ ட்ராங்க் டீ.’ வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டே டீ குடித்ததுபோல் ஆகிவிடும். ‘இங்’ பெரும்பாலும் ஒரே நேரத்தில் நடக்கிற இரண்டைத்தான் கட்டும். ‘ஐ சாட் இன் தி பேக், ஹோல்டிங் ஆன் டு தி சைட்’ என்றால் பொருந்தும், உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டதும் சேர்ந்தே நடந்தவை.

இன்னொரு விபத்தும் உண்டு. ‘கெட்டிங் டவுன் ஃப்ரம் தி பஸ், ரெயின் கேம்.’ இதைப் படித்தால் பஸ்ஸிலிருந்து இறங்கியது மழை. “பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை வந்தது” என்பதில் யார் இறங்கினார் என்று தமிழில் யாரும் குழம்புவதில்லை. இங்கிலீஷில் ‘இங்’ போட்ட வினை, அடுத்து வரும் எழுவாயைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். ‘ஆஸ் ஸூன் ஆஸ் ஐ காட் ஆஃப் தி பஸ், இட் ஸ்டார்டட் டு ரெயின்’ என்று ஆளை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். கூடவே, பஸ்ஸிலிருந்து இறங்குவது ‘கெட் ஆஃப்’. ‘கெட் டவுன்’ நம் ஊர் கண்டக்டருக்குப் புரியும், வெளியூர் வாசகர் கொஞ்சம் நின்றுதான் போவார்.

சரி, எப்படித் திருத்துவது? எழுதியதை எடுத்து வினைகளை மட்டும் வட்டமிடுங்கள். ஒரே ஆள் அடுத்தடுத்துச் செய்த மூன்றை ஒரே ‘ஐ’க்குக் கீழே கட்டுங்கள்: ‘ஐ காட் ஆஃப், ஹேட் எ டீ அண்ட் வாஷ்டு மை ஃபேஸ்.’ முதல் இரண்டுக்கு நடுவே கமா, கடைசிக்கு முன் ஒரே ஒரு ‘அண்ட்’. எந்த வேலை கதைக்கு முக்கியமோ அதற்குத் தனி வாக்கியம் கொடுங்கள். முக்கியமில்லாததை வெட்டிவிடுங்கள். முகம் கழுவியது கதைக்குத் தேவையா? பெரும்பாலும் இருக்காது. வினையெச்சம் செலவில்லாமல் கிடைப்பதால் தமிழில் நாம் இறங்கி, நடந்து, திரும்பி என்று அள்ளி விடுகிறோம். இங்கிலீஷில் ஒவ்வொரு வினைக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும்.

அறிகுறி: பயம், பசி, தூக்கம், மழை எல்லாம் எங்கிருந்தோ ‘வந்து’கொண்டே இருக்கின்றன

‘ஃபியர் கேம் டு மீ.’ ‘ஸ்லீப் வாஸ் கமிங்.’ ‘ரெயின் ஆல்ஸோ கேம்.’ தமிழில் உணர்ச்சி நம்மிடம் வருகிறது: எனக்குப் பயம் வந்தது, எனக்குத் தூக்கம் வந்தது. நாம் வீட்டுக்காரர், உணர்ச்சி விருந்தாளி. இங்கிலீஷில் ஆளை முன்னால் நிறுத்த வேண்டும்: ‘ஐ காட் ஸ்கேர்டு’, ‘ஐ வாஸ் ஃபீலிங் ஸ்லீப்பி’, ‘ஐ வாஸ் ஹங்ரி’. மழைக்கு ஆள் இல்லை, அதனால் ‘இட்’ என்று ஒரு டம்மி எழுவாயை உட்கார வைக்கிறார்கள். அந்த ‘இட்’ எது என்று தேடாதீர்கள், நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பதற்காகப் போட்டது.

பையனின் ‘வெரி ஸேட்’ இந்த வகையில் சேராது, ஆனால் பக்கத்து வீடு. பஸ்ஸை விட்டதற்கு ‘ஸேட்’ ஆவதில்லை. அது யாராவது இறந்தால், பிரிந்தால் வருவது. “வருத்தம்” என்று அகராதியில் பார்த்து எடுத்த வார்த்தை. அவனிடம் கேட்டேன்: “அந்த நேரத்துல என்னடா பண்ணின?” “போன் பாத்தேன் சார். நாலு பர்சென்ட்தான் சார்ஜ். எங்கம்மாவுக்குப் போடலாமா வேணாமான்னு நின்னேன்.” இதை எழுது என்றேன். ‘மை ஃபோன் வாஸ் அட் ஃபோர் பர்சென்ட். ஐ டிடின்ட் நோ வெதர் டு கால் மை மதர்.’ இப்போது அவன் மனநிலை வாசகருக்குத் தானே தெரியும், பெயர் வைக்க வேண்டியதில்லை.

அறிகுறி: பேச்சு வரும் இடமெல்லாம் ‘டோல்ட்’, கேள்வி பாதியில் முறிகிறது

‘தி டிரைவர் ஆஸ்க்டு மீ வேர் ஆர் யூ கோயிங்.’ குற்றவாளி “என்று”. யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே எடுத்து, பின்னால் “என்று” போட்டால் தமிழில் வாக்கியம் முடிந்தது. “எங்கே போகிறாய் என்று கேட்டார்.” தெலுங்கில் ‘அனி’, கன்னடத்தில் ‘எந்து’, வேலை ஒன்றே. இங்கிலீஷில் இந்தப் பசை இல்லை. ஒன்று மேற்கோள் குறி போட வேண்டும், அல்லது கேள்வியை உடைத்து நேர் வாக்கியமாக மடிக்க வேண்டும்: ‘ஹி ஆஸ்க்டு மீ வேர் ஐ வாஸ் கோயிங்.’ ‘ஆர் யூ’ போய் ‘ஐ வாஸ்’ வந்ததைக் கவனியுங்கள். ஆளும் மாறும், காலமும் மாறும், வரிசையும் மாறும்.

மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது பழக்கமில்லாதவர்களுக்குக் கஷ்டம். சின்னக் கதையில் என் சிபாரிசு மேற்கோள் குறிதான். பிழையும் குறையும், கதைக்கும் உயிர் வரும்.

‘டோல்ட்’, ‘செட்’ வித்தியாசம் சீக்கிரம் முடிந்துவிடும். ‘டோல்ட்’டுக்குப் பின்னால் யாரிடம் என்பது வர வேண்டும்: ‘டோல்ட் மீ’, ‘டோல்ட் மை மதர்’. ஆள் இல்லையென்றால் ‘செட்’. ‘ஐ டோல்ட் பாலக்கோடு’ என்றால் பாலக்கோட்டிடம் எதையோ சொன்னேன் என்று ஆகும்.

மேற்கோள் குறி போட்டதும் அடுத்த சிக்கல் வரும். டிரைவர் உண்மையில் சொன்னது, “பாலக்கோடா? ஏறிக்கப்பா, முன்னால எடமில்ல.” பையன் முதலில் மாற்றி எழுதியது: ‘இஸ் இட் பாலக்கோடு? ப்ளீஸ் க்ளைம்ப், தேர் இஸ் நோ ப்ளேஸ் இன் தி ஃப்ரன்ட்.’ நடு ராத்திரியில் மழையில் நிற்கும் டிரைவர் இப்படிப் பேசுவாரா? பேச்சைப் பேச்சாகவே வைக்க வேண்டும்: ‘பாலக்கோடு? ஹாப் இன். யூ வில் ஹேவ் டு சிட் இன் தி பேக்.’ வண்டியில் இடம் என்பது ‘ரூம்’ அல்லது ‘சீட்’, ‘ப்ளேஸ்’ அல்ல. அந்த ‘ப்பா’ போய்விட்டதே என்று பையனுக்கு வருத்தம். எனக்கும்தான். ‘சன்’ என்று போடலாமா என்று கேட்டான். வேண்டாம், பாலக்கோட்டு டிரைவர் பழைய வெள்ளைக்காரப் பாதிரியார் மாதிரி ஆகிவிடுவார். ‘ஹாப் இன்’ என்பதிலேயே கொஞ்சம் வாஞ்சை இருக்கிறது, அது போதும்.

அறிகுறி: ‘ஒன்லி’யும் ‘ஆல்ஸோ’வும் வாக்கியத்தின் வாலில் தொங்குகின்றன

‘ஐ சாட் ஆன் தட் ஒன்லி.’ “அது மேலதான் உக்காந்தேன்.” தமிழ் ‘தான்’, ‘உம்’ இரண்டும் எந்த வார்த்தையிலும் ஒட்டிக்கொள்ளும். இங்கிலீஷில் அந்த அழுத்தம் பெரும்பாலும் குரலில் இருக்கும், எழுத்தில் வராது. முதலில் அந்த வார்த்தையை நீக்கிவிட்டுப் படியுங்கள். பொருள் மாறவில்லையென்றால் திரும்பப் போடாதீர்கள். ‘ரெயின் ஆல்ஸோ கேம்’ என்பதில் இருக்கும் ‘போதாக்குறைக்கு’ என்ற எரிச்சல் வேண்டுமென்றால் ‘ஆல்ஸோ’வால் அது கிடைக்காது. ‘அண்ட் தென் இட் ஸ்டார்டட் டு ரெயின்’ என்றால் கிடைக்கும்.

‘தான்’ உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் உண்டு. “அவர்தான் எனக்கு வழி சொன்னார்” என்றால் ‘ஹி ஒன்லி டோல்ட் மீ’ என்று எழுதாதீர்கள், ‘சொன்னார், அவ்வளவுதான்’ என்பதுபோல் திரியும். ‘ஹி வாஸ் தி ஒன் ஹூ டோல்ட் மீ தி வே’ என்று எழுதலாம். பேச்சிலும் இடிக்காது.

‘ஸ்லோலி ஸ்லோலி’க்கு வேறு மருந்து. “மெல்ல மெல்ல”, “விதவிதமா”, “சுடச்சுட” என்று இரட்டித்துச் சொல்வது நம் காதுக்கு இனிப்பு. இங்கிலீஷில் வார்த்தையை இரட்டிப்பதற்குப் பதிலாக வினையை மாற்றுவார்கள். மெல்ல மெல்லப் போனது ‘க்ரால்டு’, அதாவது ஊர்ந்தது. ‘வீ க்ரால்டு த்ரூ தி ரெயின்.’

அறிகுறி: ‘எ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒன்’, ‘தி’ இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம்

தமிழில் ஆர்ட்டிக்கிள் இல்லை என்று சொல்வது பாதி உண்மைதான். பாட்டி கதையை நினைத்துப் பாருங்கள்: “ஒரு ஊர்ல ஒரு பாட்டி இருந்தா. அந்தப் பாட்டி வடை சுட்டா.” முதல் தடவை ‘ஒரு’, இரண்டாம் தடவை ‘அந்த’. சின்னக் கதைக்கு இதுவே ‘எ’யும் ‘தி’யும். எண்ணிக்கை முக்கியமில்லாத இடத்தில் ‘ஒன்’ போட வேண்டாம். ஊர்ப் பெயருக்கு ‘தி’ வேண்டாம், ஆற்றுக்கு வேண்டும்: ‘ஹொகேனக்கல்’, ஆனால் ‘தி காவேரி’. இப்போதைக்கு இவ்வளவு போதும், மீதி படிக்கப் படிக்க வந்துவிடும்.

அறிகுறி: ஊர் வார்த்தையை மொழிபெயர்த்ததும் கதைக்குள் யானை வந்துவிடுகிறது

‘ஒன் ஸ்மால் எலிஃபன்ட் கேம்.’ தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் யானை உண்மையாகவே ரோட்டுக்கு வரும். அதனால் இந்த வரியைப் படித்ததும் நானே ஒரு நொடி நம்பிவிட்டேன். அப்புறம் அந்த யானைக்கு டிரைவர் இருப்பதைப் பார்த்ததும்தான் தெளிந்தது: தக்காளி ஏற்றிப்போகும் குட்டியானை வண்டி!

ஊர் வார்த்தைக்கு இரண்டு வழி. வண்டி வண்டியாக மட்டும் இருந்தால் போதும் என்றால் ‘எ மினி-டிரக்’ என்று எழுதிவிட்டுப் போங்கள். அந்தப் பெயரின் சுவை வேண்டுமென்றால் பெயரை வைத்துக்கொண்டு விளக்கத்தை வாக்கியத்துக்குள்ளேயே நுழையுங்கள்: ‘எ குட்டியானை, தி லிட்டில் டிரக் தட் கேரீஸ் அவர் டொமேட்டோஸ்.’ பரிசல், களி, எருது விடும் விழா எல்லாவற்றுக்கும் இதே வழி. களி உருண்டையை ‘ராகி பால்’ (பந்து) என்று எழுதினால் விளையாட்டுப் பொருள் ஆகிவிடும்.

உறவுப் பெயர்களில் நான் இன்னும் பிடிவாதக்காரன். மாமாவை ‘அங்கிள்’ ஆக்கினால் அப்பாவின் தம்பியா, அம்மாவின் அண்ணனா என்பது தொலைந்துபோகிறது. கதைக்கு அது தேவையென்றால் ‘மாமா’ என்றே எழுதட்டும். சகலையை ‘கோ-பிரதர்’ என்று எழுதும் பிள்ளைகளையும் நான் திருத்துவதில்லை. நம் நாட்டு இங்கிலீஷ் தன் தேவைக்குச் செய்துகொண்ட வார்த்தை அது. அந்த உறவுக்கென்று வெள்ளைக்காரரிடம் தனி வார்த்தை இல்லை.

அறிகுறி: அகராதி வாசனை

‘வீ கமென்ஸ்டு அவர் ஜர்னி’, ‘ஐ கன்ஸ்யூம்டு இட்லி.’ “இட்லி உட்கொண்டேன்” என்று யாராவது அம்மாவிடம் சொல்வார்களா? அதே கூச்சம் இங்கேயும் வேண்டும். ‘ஸ்டார்டட்’, ‘ஏட்’. இவ்வளவுதான். பெரிய வார்த்தை போட்டால்தான் இங்கிலீஷ் என்று வாதாடுகிறவர்களிடம், 1878-ல் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி எழுதிய இங்கிலீஷைப் படித்துப் பாருங்கள் என்பேன். இரண்டு மொழியிலும் எழுதியவர், இரண்டிலும் எளிமையாகத்தான் எழுதினார்.

ஒரு வினை ஒரு பெயரோடு சேருமா என்று சந்தேகம் வந்தால் தமிழ் அர்த்தம் போட்ட அகராதியை மூடிவிட்டு, கற்பவர்களுக்கான இங்கிலீஷ்-இங்கிலீஷ் அகராதியில் உதாரண வாக்கியங்களைப் பாருங்கள். அர்த்தத்தைவிட உதாரணம்தான் முக்கியம்.

அறிகுறி: முதல் வரியும் கடைசி வரியும் எல்லோருடைய நோட்டிலும் ஒன்றுபோல் இருக்கின்றன

‘ஒன் ஃபைன் டே’ என்று ஆரம்பம், ‘ஐ கேன் நெவர் ஃபர்கெட் திஸ் டே’ என்று முடிவு. பள்ளியில் குறிப்புகளை வைத்துக் கதையை விரித்து எழுதிய காலத்து மிச்சம். கைவைத்தியம் சொல்கிறேன்: எழுதி முடித்ததும் முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் விரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள். பத்தில் எட்டுத் தடவை, மறைக்காமல் விட்ட முதல் வரியில்தான் கதை ஆரம்பித்திருக்கும், மறைக்காமல் விட்ட கடைசி வரியில்தான் முடிந்திருக்கும்.

பையனின் கதையில் ‘லாஸ்ட் மன்த்’தை மறைத்ததும் கடைசி பஸ் முன்னால் வந்து நின்றது. ஆனால் கடைசி வரியை மறைத்தபோது ‘வீ ரீச்டு’ என்பதோடு அந்தரத்தில் நின்றுவிட்டது. ‘ரீச்டு’க்குப் பின்னால் எதை அடைந்தோம் என்று வேறு சொல்லவில்லை.

“இறங்கினப்புறம் என்ன ஆச்சு? காசு வாங்கினாரா?”

“எங்க சார் வாங்குனாரு. நான் நீட்டுனா கையத் தள்ளி விட்டுட்டாரு. பொட்டிக்கடியில கெடந்த தக்காளிய ஒரு கவர்ல போட்டு, வீட்ல குடுன்னுட்டுப் போயிட்டாரு.”

“இத ஏன்டா எழுதல?”

“அது கதையில வருமா சார்?”

மறுநாள் எழுதிக்கொண்டு வந்தான்: ‘ஐ ட்ரைடு டு பே ஹிம், பட் ஹி டிடின்ட் டேக் தி மணி. ஹி கேவ் மீ எ பேக் ஆஃப் டொமேட்டோஸ் ஃபார் மை மதர்.’ ஒரே ஒரு இடத்தில் கோடு போட்டேன். ‘டிடின்ட் டேக்’ என்றால் வாங்கவில்லை. ‘வுடுன்ட் டேக்’ என்றால் எவ்வளவு சொல்லியும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பையன் இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தான். அப்புறம் கையைத் தள்ளி விடுவதுபோல் காற்றில் ஒரு தடவை செய்துகாட்டிவிட்டு, ‘டிடின்ட்’டை அடித்தான்.